மருதமுனைக் கைத்தறிக் கடைக்கு வேர்ட்பிரஸ்

இலங்கையின் மருதமுனையில் கைத்தறிச் சாரமும் (லுங்கி) சேலையும் விற்கும் எங்கள் கடைக்கு, 2003 முதல் வெளிவரும் கட்டற்ற மென்பொருளான வேர்ட்பிரஸில் இணையத்தளம் அமைத்தோம். சிறு வணிகர் எவருக்கும் இதைத் துணிந்து பரிந்துரைப்பேன். மென்பொருளுக்குக் கட்டணமில்லை, டொமைனுக்கும் (தளத்தின் இணையப் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் சேவையக இடம்) மட்டுமே பணம் செலுத்துகிறோம். வேர்ட்பிரஸுடன் இணைக்கும் கூடுதல் மென்பொருளான செருகிகளில் ஒன்றாகிய, இணையக் கடைக்கான வூகொமர்ஸைச் சேர்த்ததும், ஒரே சாரத்தின் எல்லா நிறங்களையும் ஒரே பக்கத்தில், நிறத்துக்கொரு படமும் விலையும் இருப்புமாகக் காட்ட முடிந்தது. நெசவுக் கடைக்கு இது பெரும் வசதி. செருகிகளை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்த் தலைப்புகளில் கூடுதல் கவனம் தேவை: பக்க முகவரிக்கு 200 குறிகளே எல்லை என்பதாலும், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் அங்கே 9 குறிகளாக விரிவதாலும், நீண்ட தலைப்பு நடுவிலேயே வெட்டுப்பட்டுவிடும். ஆகவே, வெளியிடுவதற்கு முன்னரே முகவரியைச் சுருக்கிக் கையால் எழுதிவிடுங்கள்.