சிறிய லுத்தரன் பல்கலையில் சமயமும் பண்பாடும்: நான்கு ஆண்டு உழைப்புக்குத் தாங்குகிறதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லுத்தரன் பல்கலையில் (மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு நிறுவியது) சமயம் படிப்பது பாதிரியார் ஆவதற்கான படிப்பு அல்ல. அதற்கு இளங்கலை முடித்துவிட்டு செமினரி எனும் பாதிரியார் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும். இங்கே பேசுவது இளங்கலைப் பட்டத்தைப் பற்றி. சேர்வதற்கு லுத்தரனாக இருக்க வேண்டாம், கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டாம். வளாகத் தேவாலயத்துக்குப் போவதும் போகாததும் அவரவர் பாடு, மதிப்பெண்ணில் ஏறாது.

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் 1869-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, 1872-ல் மினியாபொலிஸுக்குக் கொண்டுவந்த கல்விக்கூடம். பெயர், லுத்தரன்களின் அடிப்படை நம்பிக்கைகளைச் சொல்லும் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலிருந்து வந்தது. கல்லூரியாக இருந்தது பல்கலை என்று பெயர் மாற்றிக்கொண்டது 2017-ல்தான். அது இருக்கும் சீடர்-ரிவர்சைடு பகுதி இன்று சோமாலியக் குடும்பங்கள் நிறைந்த இடம். நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல். இந்த வகைப் படிப்புக்கு அந்தத் தெருதான் முதல் கருவி, நூலகம் அப்புறம்தான்.

லுத்தரன் கல்லூரிகள் பலவற்றில் எந்தத் துறை மாணவருக்கும் ஒன்றோ இரண்டோ சமயப் பாடம் கட்டாயம். அதனால் முதலாண்டு வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர் நர்சிங் மாணவராகவோ கணக்கியல் மாணவராகவோ இருப்பார். பாதிப் பேருக்கு ஆர்வம் இருக்காது. இதைக் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் நல்லதுதான், அடிப்படைக் கேள்விகளை அவர்கள்தான் கேட்பார்கள். லுத்தரையே மேசையில் வைத்து அறுக்கிறார்களா என்பதுதான் பாடத்தின் தரத்துக்கு உரைகல். 1543-ல் பேசல் நகரில் குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சானபோது, மறுப்பதற்கும் முதலில் படிக்க வேண்டும் என்று ஆதரவு தந்து முன்னுரை எழுதியவர் அவர். அதே 1543-ல் யூதர்களுக்கு எதிராக மிகக் கொடிய நூலையும் எழுதினார். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை, யூதர்களுக்கு எதிரான அவருடைய எழுத்துகளை 1994-ல் வெளிப்படையாக நிராகரித்தது. இந்த மூன்றையும் சேர்த்து வாசிக்கவைக்கும் சிலபஸ் என்றால் நம்பிச் சேரலாம்.

வேலைச் சுமைக்குக் கணக்கு எளிது. பாடத்தின் எடையை அளக்கும் அலகு கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வெளி உழைப்பு. ஒரு பாடம் 4 கிரெடிட் என்றால் வாரம் 12 மணி நேரம். நான்கு பாடம் எடுத்தால் 48. சமயப் பாடத்தில் அந்த வெளி உழைப்பு பெரும்பாலும் வாசிப்புக்கே போகும். பெரிய பல்கலை மாதிரி கடைசி வரிசையில் ஒளிய முடியாது. பன்னிரண்டு பேர் வகுப்பில் வாசிக்காமல் போனால் பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது களப்பணி. பள்ளிவாசலுக்குப் போவதானால் ஒரு வாரம் முன்பே பேசி அனுமதி வாங்க வேண்டும். தோள், முழங்கால் மூடிய உடை. பெண்கள் தலைத்துணி கொண்டுபோவது நல்லது. ஓட்டை இல்லாத சாக்ஸ் (சிரிக்க வேண்டாம், செருப்பு கழற்றும்போதுதான் இது நினைவுக்கு வரும்). தொழுபவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் குறிப்பு எழுதிவிட வேண்டும். ராத்திரிவரை தள்ளினால் பார்த்ததும் நினைத்ததும் கலந்துவிடும். நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கண்டது, கேட்டது, தோன்றியது. கட்டுரை நிற்பது முதல் இரண்டில்தான்.

தமிழ் மாணவர் சறுக்குவது பள்ளிவாசலில் அல்ல, கோயிலில். மினசோட்டா இந்துக் கோயில் மேப்பிள் குரோவில் இருக்கிறது. ரயில் போகாது, கார் வேண்டும். ஒரே கூரையின் கீழ் 21 சிறு சன்னிதிகள், பல ஊர்க் கோயில்களின் சாயலில். ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று உள்ளே போகிறவர் திரும்பிவந்து புராணக் கதையை ஐந்து பக்கம் எழுதித் தருவார். அது வீட்டிலேயே உட்கார்ந்து எழுதக்கூடியது. வடக்கும் தெற்கும் ஒரே மண்டபத்தில் எப்படி அடுக்கப்பட்டன, எந்தச் சன்னிதி முன் எந்த மொழி கேட்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதியதுதான் கட்டுரை.

பேட்டி எடுப்பதானால் இன்னொரு சிக்கல். வகுப்புப் பயிற்சிக்கு ஆசிரியர் அனுமதியே பொதுவாகப் போதும். ஆய்வேட்டுக்கோ வெளியீட்டுக்கோ என்றால் மனித ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பிக்காதவர்களின் ஆய்வேடு அப்படியே நிற்கும்.

நாள்பட்ட பயன்பாட்டில் வெளிவரும் பெரிய குறை, பாடப் பட்டியலின் மெலிவு. சிறிய துறையில் ஆளுக்கொரு சமயம். இஸ்லாம் நடத்துபவர் ஆய்வு விடுப்பில் போனால் அந்த ஆண்டு இஸ்லாம் இல்லை. மேல்நிலைப் பாடங்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறைதான் வரும்; ஆள் சேராவிட்டால் அதுவும் ரத்து. எஃப்-1 எனும் வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவருக்கு இது ஆபத்து: செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது, மூன்று பாடம் மட்டும் எடுத்தவரின் ஒன்று ரத்தானால் எட்டுதான் மிஞ்சும். எப்போதும் நான்காகப் பதிவு செய்யுங்கள். முதல் ஆண்டிலேயே துறைத் தலைவரிடம் அடுத்த மூன்று ஆண்டுச் சுழற்சி அட்டவணையைக் கேட்டு, கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் எடுக்க ஒப்பந்தம் உண்டா என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நூலகம் சிறிதாக இருப்பது அவ்வளவு பெரிய குறை இல்லை. சமய ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் அட்லா தரவுத்தளமும் நூலகங்களுக்கு இடையிலான இரவலும் இருந்தால் போதும்; புத்தகம் வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர் ஆய்வேட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். 1706-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் எழுதி முடித்த நூலை, ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய மிஷனை நடத்தியவர்கள் அச்சிட மறுத்தார்கள். சிலை வணக்கத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் கோபம். அச்சேறியது 1867-ல், சென்னையில். அவர் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்களும் அவர் மூலம் ஜெர்மனில் வெளிவந்திருக்கின்றன. வகுப்பில் வேறு யாரும் தொட முடியாத சுரங்கம் இது. ஆனால் ஜெர்மன் இரண்டு செமஸ்டராவது படித்திருக்க வேண்டும்.

பண விஷயம். அறிவித்த கட்டணத்தை முழுதாகக் கட்டுபவர்கள் தனியார் கல்லூரிகளில் குறைவு. சலுகைக் கடிதம் வந்த பிறகும் ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். படிக்கும்போது வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். படிப்பு முடிந்தபின் பணிப் பயிற்சி அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு சமயத்துக்கு இல்லை. கணினி அறிவியலையும் முதன்மைப் பாடமாக எடுத்து, வேலையும் அது சார்ந்ததாக இருந்தால் நீட்டிப்புக்கு வழி உண்டு. முதல் 12 மாத அனுமதிக்கு, படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மே மாதம் பட்டம் என்றால் பிப்ரவரியிலேயே அந்தக் கதவு திறந்துவிடும். ஆய்வேட்டின் முதல் வரைவைக் கேட்பதும் பெரும்பாலும் அதே மாதத்தில்தான்.