கங்காபல் ஏரிக்கு நாராநாக் வழியா, சோனமார்க் வழியா?

காஷ்மீரில் ஹர்முக் மலையின் அடிவாரத்தில் கங்காபல், நந்த்கோல் என்று அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். அங்கே நடந்து போக நினைப்பவர்கள் பெரும்பாலும் சோனமார்க்கில்தான் தொடங்குகிறார்கள். விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர் ஏரிகளைத் தாண்டி, கங்காபலைக் கடைசியாகப் பார்த்துவிட்டு நாராநாக் கிராமத்தில் இறங்குவார்கள். டிரெக்கிங் நிறுவனங்கள் ‘காஷ்மீர் கிரேட் லேக்ஸ்’ என்று விற்பது இதைத்தான். சுமார் 70 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு வாரம். அவர்கள் இறங்கும் அதே நாராநாக்கிலிருந்து நேராக மேலே ஏறினால் இரண்டு மூன்று நாளில் ஏரியைப் பார்த்துத் திரும்பிவிடலாம். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழி.

ஆனால் ஏற்றம் கடுமையானது. நாராநாக் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏரிகள் 3,500 மீட்டருக்குப் பக்கத்தில். இந்த 1,400 மீட்டரில் பெரும்பகுதியைப் பாதை முதல் பாதியிலேயே ஏறித் தீர்த்துவிடுகிறது. பழைய சிவன் கோயில் இடிபாடுகளைத் தாண்டியதுமே பைன் காட்டுக்குள் வளைந்து வளைந்து மேலே போக ஆரம்பிக்கும். காலுக்குக் கீழே பொடி மண்ணும் உருளும் கல்லும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் பதம் பார்க்கப்படும். தண்ணீரை அடிவாரத்திலேயே இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். மரங்கள் குறைந்து புல்வெளி விரிந்துவிட்டால் சிரமம் பெருமளவு முடிந்த மாதிரி. ட்ரங்கோல் புல்வெளியில் ஆடு மேய்க்கும் குஜ்ஜர் மக்களின் மண்கூரைக் குடிசைகள் தெரியும். ஆட்டு மந்தை பக்கத்தில் இருந்தால் நாய்களும் இருக்கும். மந்தையை ஊடறுத்துப் போகாமல், மேய்ப்பவரைக் கூப்பிட்டுவிட்டுச் சுற்றிப் போவது நல்லது.

சோனமார்க் வழியில் ஏற்றம் பல நாட்களுக்குப் பிரிந்துவிடுகிறது. 4,000 மீட்டரைத் தாண்டும் மூன்று கணவாய்கள் உண்டு என்றாலும் உடம்பு உயரத்துக்குப் பழக அவகாசம் கிடைக்கும். இது சின்ன விஷயம் இல்லை. ஸ்ரீநகரில் 1,600 மீட்டரில் தூங்கியவர் மறுநாள் இரவே 3,500 மீட்டரில் படுத்தால் தலைவலியும் குமட்டலும் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால் நாராநாக்கை எடுப்பவர்கள் கிராமத்தில் ஒரு இரவு, ட்ரங்கோலில் ஒரு இரவு தங்கி, அப்புறம் ஏரிக்குப் போகலாம். தலைவலி கூடிக்கொண்டே போனால் யோசிக்காமல் இறங்கிவிட வேண்டும்.

சோனமார்க் வழியின் அழகையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்சர் கணவாய்க்கு ஏறும்போது விஷன்சரும் கிஷன்சரும் ஒரே பார்வையில் கீழே தெரியும். அந்தக் காட்சி நாராநாக் வழியில் கிடையாது. பல ஏரிகள் பார்க்க வேண்டும், ஒரு வாரம் விடுமுறை இருக்கிறது, கூட்டம் பொருட்டில்லை என்றால் சோனமார்க்தான் சரி. சீசனில் அங்கே முகாமுக்கு முகாம் கூடாரங்கள் வரிசை கட்டி நிற்கும். அதுதான் எனக்கு ஒத்துவராத ஒன்று. நாராநாக் பாதையில் காலையில் சீக்கிரம் கிளம்பினால், மேலிருந்து இறங்கி வரும் குழுக்கள் எதிர்ப்படும் முன்பே காட்டைத் தாண்டிவிடலாம்.

பஹல்காம் பக்கம் ஆரு கிராமத்திலிருந்து போகும் தர்சர் ஏரிப் பாதையும் இருக்கிறது. லிட்டர்வட் புல்வெளி வழியாகச் சாய்வு மெதுவாக ஏறுவதால் முதல் முறை போகிறவர்களுக்கு அதுவே பொருத்தம்.

கங்காபலுக்கு என் மனம் சாய ஹர்முக்கும் ஒரு காரணம். 1856இல் மாண்ட்கோமெரி என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்த மலையில் ஏறி நின்றுதான், 200 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த இரண்டு சிகரங்களுக்கு கே1, கே2 என்று குறியிட்டார். அவர் பணியாற்றிய அந்த மாபெரும் நில அளவை 1802இல் நம் சென்னை பரங்கிமலைப் பக்கம் தொடங்கியது. 5,142 மீட்டர் உயர ஹர்முக்கின் பனிச்சரிவு நந்த்கோல் ஏரிக்கு மேலேயே தொங்குகிறது. கூடாரத்தின் வாசல் அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும்.

எந்த வழியானாலும் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் சரியான காலம். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும், வழியில் ராணுவச் சோதனை உண்டு. பாதை அந்தச் சமயத்தில் திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் போடும் முன் ஸ்ரீநகரில் விசாரித்துவிடுங்கள்.