அரிவாள் செல் வலிக்கு ரெய்கியா, காந்தமா, டென்ஸா?

இந்தியாவில் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது முதலில் தெரியவந்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது வருகிற வலி சாதாரணமானதல்ல. குளிரில் கூடும். அந்த வலியை நம்பித்தான் 'ஆற்றல் சிகிச்சை' என்று பலதும் விலைபோகின்றன.

ரெய்கியில் கைவைப்பார்கள். பிராண சிகிச்சையில் தொடுவதுகூட இல்லை. உடலைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கையால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்கிறார்கள். அப்படி உணர முடியுமா? அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா, இதே ரகமான 'தெரப்யூட்டிக் டச்' செய்யும் 21 பேரைச் சோதித்தாள். மறைப்புக்கு அப்பால் அவர்கள் இரு கைகளையும் நீட்ட வேண்டும். எந்தக் கைக்கு மேல் அவள் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 280 தடவையில் 44 சதவீதம்தான் சரி. காசு சுண்டியிருந்தாலே பாதி தேறியிருக்கும்! 1998இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. சரி, அமைதியாகப் படுத்திருப்பதில் கிடைக்கும் இதத்தை நான் மறுக்கவில்லை. அதற்குக் கட்டணம் எதற்கு?

காந்த வளையல் விற்பவர்கள், "ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே" என்பார்கள். அது ஆணி இரும்பு அல்ல. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் லேசாகத் தள்ளும், இறங்கிய ரத்தத்தை லேசாக இழுக்கும். 1936இல் வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியெல்லும் காட்டியது இது. அதே பாலிங் குழுதான் 1949இல், இந்த நோயின் வேர் ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று கண்டது. 1.5 டெஸ்லா அளவுக்கு வலுவான காந்தமுள்ள எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் போய் வந்தவருக்கே ரத்தம் ஒருபக்கம் ஒதுங்குவதில்லை. வளையலை விட்டுவிடலாம்.

டென்ஸ் (TENS) கருவியில் மட்டும் அளக்கக்கூடிய ஆற்றல் உண்டு: தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்பு. அரிவாள் செல் வலிக்கு அது உதவும் என்பதற்கு வலுவான சான்று இன்னும் இல்லை. இருந்தாலும் இந்த வரிசையில் ஒன்றை முயலச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது; மற்றவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு, மருந்தோடு சேர்த்துத்தான்.

ஏனென்றால் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து செய்வதை இவற்றில் எதுவும் செய்வதில்லை. அது கரு ஹீமோகுளோபினை, அதாவது குழந்தை கருவில் இருக்கும்போது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகையை, கூட்டி, செல் வளைவதைக் குறைக்கிறது. 1995இல் வெளியான பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வலி வரும் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய தொல்லை உண்டு, உண்மைதான்.

காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் மரத்துப்போவது: இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு. டென்ஸ் பட்டையைக்கூட அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.