கைமாற்று ஆல்கோவா, வாடகை ஜிபி-9-ஆ?

அமெரிக்காவில் பெரிய ரயில் நிறுவனங்கள், ரயில் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1980-ஆம் ஆண்டின் ஸ்டாகர்ஸ் சட்டத்திற்குப் பிறகு, வேண்டாமென்று விட்ட கிளைத்தடங்கள் பலவற்றைச் சிறு சரக்கு நிறுவனங்கள் ஏற்று நடத்துகின்றன. ஒன்றிரண்டு இன்ஜின்களை மட்டுமே நம்பியிருக்கும் இடத்தில் ஒன்று பழுதாகிப் படுத்துவிட்டால், அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்திடம் ஆல்கோ நிறுவனத்தின் ஆர்எஸ்-3 போன்ற பழைய டீசல் இன்ஜினைக் கைமாற்றாகக் கேட்கலாம். இல்லையேல் இஎம்டி நிறுவனத்தின் ஜிபி-9 அல்லது எஸ்டி40-2 ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம்.

ஆர்எஸ்-3 இன்ஜினுக்கு 1600 குதிரைத்திறன், ஜிபி-9-க்கு 1750. சரக்கு ரயில் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாத தடத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எஸ்டி40-2-இன் 3000 குதிரைத்திறன் ஆசை காட்டும்; ஆனால் மூன்று அச்சுகள் கொண்ட அதன் நீண்ட போகிகள் (சக்கரச் சட்டங்கள்) கூரிய வளைவுகளில் தண்டவாளத்தை வெளிப்புறமாக நெருக்குவதால், தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் உளுத்த தடத்திற்கு அதை நான் முதலிலேயே விலக்கிவிடுவேன்.

உண்மையான போட்டி பழுதுபார்ப்பில்தான். ஜிபி-9-இன் உள்ளே இயங்கும் 567சி வகை டீசல் எந்திரத்தில், பின்னாளில் வந்த 645 வகையின் சிலிண்டர் தொகுதிகளும் பொருந்தும். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களும் எளிதில் கிடைப்பர். ஆல்கோவோ 1969-இல் இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆர்எஸ்-3-இல் உள்ள 244 வகை எந்திரம், புதிதாக இருந்த காலத்திலேயே தொல்லை கொடுத்ததால்தான் நிறுவனம் 251 வகைக்கு மாறியது. (பொன்மலை ஷெட்டின் டபிள்யூடிஎம்-2 இன்ஜின்களைப் பார்த்தவர்களுக்கு 251 பழக்கமானதே, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ வேகம் பிடிக்கும் முன்பே எரிபொருள் கூடிவிடுவதால் எழும் அந்தக் கரும்புகை ஆல்கோவின் குலவழக்கம்.) ஆயினும் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் டெலவேர்-லாக்கவானா நிறுவனம் ஆல்கோக்களைக் கொண்டே சரக்கு இழுத்து வந்திருக்கிறது, அவற்றின் நாடி அறிந்த பணியாளர்கள் அங்கே இருப்பதே காரணம்.

குளிர்காலத் தொல்லை இரண்டுக்கும் பொது. குளிர்விக்கும் நீரில் உறைதடுப்பான் சேர்ப்பதில்லை என்பதால், இரவு முழுவதும் இன்ஜினை ஓடவிட வேண்டும், அல்லது நீரை வடித்துவிட வேண்டும்.

இரண்டு மூன்று வாரத் தேவைக்கு, 92 நாளுக்கு ஒருமுறை விதிப்படி செய்ய வேண்டிய ஆய்வு நடப்பில் இருந்து, அருங்காட்சியகத்தின் மெக்கானிக்கும் உடன் வருவாரெனில், ஆல்கோவையே எடுப்பேன். மாதக்கணக்கில் வேண்டுமெனில் ஜிபி-9. எதுவாயினும், சக்கரங்களைச் சுழற்றும் இழுவை மோட்டார் போன்ற பெரிய பாகம் ஏதும் போனால் செலவு யாருடையது என்பதை இன்ஜின் தடத்திற்கு வருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.