மடிப்பாக்கத்து மாடியில் ஒரு பவளத் தொட்டி: நான்கு கோடைக்குப் பிறகு

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அதில் தண்ணீர் நிரப்பினேன். அதற்குப் பிறகு நான்கு கத்திரி வெயில், ஒரு மிக்ஜாம் புயல், எண்ணிலடங்காத கரண்ட் கட் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. புதிதாகத் தொட்டி வைக்க நினைப்பவர்கள் என்ன மீன், என்ன விளக்கு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சென்னையில் வைப்பதானால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. கோடையில் தண்ணீரை எப்படிக் குளிர வைக்கப் போகிறீர்கள்? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? இந்த இரண்டுக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு மிச்சம் இருப்பதில்தான் மற்றதெல்லாம். நான் அப்படியே தலைகீழாகச் செய்தேன். அதனால் சில உயிர்கள் போயின. இதை எழுதுவதே அதனால்தான்.

தொட்டியைக் கொளத்தூரில் செய்தேன். கலர் மீன் என்றாலே சென்னையில் எல்லோரும் அங்கேதானே போவோம். எட்டு எம்எம் கண்ணாடி போதும், விலை குறையும் என்று நான் சொன்னதும் தொட்டி ஒட்டுபவர் கையிலிருந்த சிலிக்கான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். "சார், ரெண்டடி உயரத் தண்ணி. பன்னெண்டு எம்எம்முக்குக் குறைஞ்சா நான் ஒட்ட மாட்டேன். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். கண்ணாடி மட்டும் 85 கிலோ. தண்ணீர், பாறை, இரும்பு ஸ்டாண்ட், கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்த்தால் 700 கிலோ தாண்டும். நாங்கள் இருப்பது முதல் மாடி. வீட்டைக் கட்டிய பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டி, பீம் போகும் சுவரை ஒட்டித்தான் தொட்டியை வைத்தேன். மாடியில் வைப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்தது, பலரும் பவளக் கல்லால் அமைக்கும் பாறை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடினப் பவளம் முழுவதும், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் 2001இலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. கடல் குதிரையும் அப்படித்தான். புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு. செத்துப்போன பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருந்த 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "தூத்துக்குடி சரக்கு, ஒரிஜினல்" என்று யாராவது கல்லை நீட்டினால் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பாறையை நானே செய்தேன். வெள்ளை சிமென்ட், நொறுக்கிய கிளிஞ்சல், கல்லுப்பு மூன்றையும் பிசைந்து உருட்டி வைத்தால், ஊறும்போது உப்பு கரைந்து ஓட்டை ஓட்டையாக நிற்கும். புதுப் பாறையில் காரத்தன்மை மிக அதிகம். பிஎச் 11க்கு மேல் போகும், அப்படியே போட்டால் எதுவும் பிழைக்காது. மொட்டை மாடி டிரம்மில் இரண்டு மாதம் ஊறப்போட்டு வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றினேன். நான்கு ஆண்டில் அதன்மேல் ஊதா நிறப் பாசி படர்ந்துவிட்டது. இப்போது பார்ப்பவர்களுக்கு அது சிமென்ட் என்றே தெரியாது. வளர்ப்பதும் மென்பவளங்கள் மட்டும்தான்: தோல் பவளம், காளான் பவளம், ஸோவா. எல்லாமே மற்ற வளர்ப்பாளர்களின் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். தோல் பவளத்தைப் பிளேடால் வெட்டி ஒரு கல்லோடு கட்டி வைத்தால் சில வாரத்தில் ஒட்டிக்கொண்டு தனியாக வளர ஆரம்பித்துவிடும்.

ஸோவாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆபத்து. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

தண்ணீரில் நான் செய்த தவறு யாருக்கும் நேரலாம். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,300 தொடும். அதனால் சமையலறையில் இருந்த குடிநீர் ஆர்ஓ தண்ணீரில் உப்பைக் கலந்து ஊற்றினேன். முதலில் விட்ட பன்னிரண்டு நத்தைகளும் நான்கு நாளில் கவிழ்ந்து கிடந்தன. அம்மோனியா சோதித்தேன், உப்பு அளவு சோதித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து மனைவிதான் ஆர்ஓ பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். குடிப்பவர்களின் நலனுக்காகச் செம்பு சேர்க்கும் வகை அது. மனிதருக்கு அது நல்லதாக இருக்கலாம். நத்தை, இறால், பவளம் போன்றவற்றுக்குச் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. இப்போது தொட்டிக்கென்று தனி ஆர்ஓ, அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின். மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீர் மட்டுமே உள்ளே போகும். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு நீர் வருகிறது. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊர் இது, அதைக் கீழே விட மனம் வராது. வீடு துடைப்பதற்கும் கழிவறைக்கும் அதுதான் போகிறது.

"கடல் அரை மணி நேரத்துல இருக்கு, ஒரு கேன்ல மொண்டு வர்றதுக்கு என்னடா" என்று அம்மா கேட்டார். கோவளத்திலிருந்து சில முறை கொண்டுவந்தும் பார்த்தேன். மழைக்காலத்தில் கரையோரக் கடலின் உப்பு குறைந்துவிடுகிறது, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு. கூவமும் அடையாறும் கலக்கும் பக்கத்துத் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். பவளத் தொட்டிக்கென்றே பொட்டலத்தில் வரும் ரீஃப் உப்பை அளந்து கலந்து, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வைத்துக்கொள்வதே நிம்மதி.

முதல் ஐந்து வாரம் வெறும் தண்ணீரும் பாறையும்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேற அவ்வளவு காலம் பிடிக்கும். அப்புறம் மூன்று மாதம் பழுப்புப் பாசி, பச்சை மயிர்ப் பாசி. கையால் பிடுங்கினேன், வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினேன், பொறுத்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

இனி வெயில். தொட்டியின் மேல் நான்கு சிறிய ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் என்று படித்திருந்தேன். மார்ச்சில் அது உண்மையாகவே வேலை செய்தது, இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கியது. தினமும் எட்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, அதையும் சமாளித்தேன். 2022 மே மாதம் பிறந்ததும் கதை மாறியது. மதியத்துக்குப் பிறகு கடற்காற்று வரும். நமக்கு அது சுகம். ஆனால் அந்தக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாவது குறைந்துவிடும், ஃபேன் சும்மா சுற்றும். பெங்களூரில் இருப்பவருக்குப் போதுமான ஃபேன் நமக்குப் போதாததற்கு இதுதான் காரணம். இரவு பத்து மணிக்கும் தண்ணீர் 31 டிகிரியில் நின்றது. பத்து நாளில் என் தோல் பவளம் பழுப்பு நிறம் போய் வெளிறிவிட்டது. அதன் உடலுக்குள் வாழ்ந்து உணவு கொடுக்கும் நுண்பாசிகளை, வெப்பம் தாங்காமல் அது வெளியே தள்ளிவிடுகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் ஆயிரக்கணக்கான பவளங்களுக்கு நடந்தது இதுவேதான். அங்கே அவற்றைக் குளிர வைக்க யாராலும் முடியாது. இங்கே முடியும், நான்தான் பணத்தை விளக்கில் போட்டுவிட்டேன். அந்த வாரமே நகைக் கடனைத் தள்ளிப்போட்டு தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இயந்திரம் ஒன்றை, மூன்றில் ஒரு ஹெச்பியில், வாங்கினேன்.

சில்லர் வந்தும் உடனே தீரவில்லை. அழகுக்காக அதை ஸ்டாண்டுக்குள் அலமாரியில் வைத்தேன். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது அலமாரிக்குள்ளேயே கக்கியது, அந்தச் சூடு திரும்பத் தண்ணீருக்கே போனது, ஒரு நாளில் 18 மணி நேரம் ஓடியது. ஏசி மெக்கானிக் ஒருவர் யோசனை சொன்னார். சுவரில் துளையிட்டு, ஏசியின் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையை ஹோசுக்கும் சுற்றி, சில்லரைப் பால்கனிக்கு மாற்றினோம். இப்போது மே மாதத்தில்கூட 10 மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. தண்ணீர் 26க்கும் 27க்கும் இடையில் நிற்கிறது. மாதம் ஒரு முறை பின்பக்கத் தகடுகளில் சேரும் தூசியைப் பிரஷ்ஷால் துடைக்கிறேன். வெளிறிய பவளம் நிறம் திரும்ப ஐந்து மாதம் ஆனது.

மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பரில். 4ஆம் தேதி விடியற்காலை போன கரண்ட் 7ஆம் தேதி மாலைதான் வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். 150 ஏஹெச் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு வீட்டு ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு தண்ணீரை அசைக்கும் 15 வாட் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் ஓட விட்டோம். அப்படியும் மறுநாள் மாலைக்குள் இன்வெர்ட்டர் அலறி நின்றது, இன்வெர்ட்டர் தான் ஓடவே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும் என்பதை அன்றுதான் கணக்குப் போட்டேன். டார்ச் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டு இருந்தன. மாற்றுப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போக வழியில்லை. கரண்ட் போனால் மீனை முதலில் கொல்வது பிராணவாயுக் குறைவு. கடைசி 20 மணி நேரம் நானும் மனைவியும் அம்மாவும் முறை வைத்து, சொம்பால் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். 72 வயதில் அம்மா இரவு இரண்டு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது. ஒரு டாம்சல் மீன் போய்விட்டது. மற்றவை பிழைத்தன. டிசம்பர் குளிர் கைகொடுத்தது, மே மாதமாக இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இப்போது தொட்டிக்கென்றே ஒரு 100 ஏஹெச் பேட்டரி. அதிலிருந்து நேராக 12 வோல்ட்டில் ஓடும் 10 வாட் காற்று பம்ப், நடுவில் இன்வெர்ட்டர் கிடையாது. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமலே இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். கரண்ட் போன நாளில் தீனி போடுவதையும் நிறுத்திவிடுவோம்.

கரண்ட் போகும்போது இன்னொன்றும் நடக்கும். மேலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். காற்று நுழைந்து அதை நிறுத்தக் குழாயில் ஒரு சிறு ஓட்டை போட்டிருப்போம். அந்த ஓட்டையைப் பாசி அடைத்துவிட்ட ஒரு நாள், 40 லிட்டர் உப்புத் தண்ணீர் கூடத்தில் ஓடியது. பிளக் பாயின்ட் தரையை ஒட்டியே இருந்தது. அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, இந்த லைனுக்குத் தனியாக, மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டு, பிளக்குகளை மூன்றடி உயரத்துக்கு ஏற்றினேன். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

தினப்படி வேலை இப்போது அரை மணி நேரம்தான். இரவில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன், வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, ஆய்வகத் தரத்தில் கிடைக்கும் தூள். ஊதாப் பாசிக்கும் நத்தை ஓட்டுக்கும் வேண்டிய கால்சியத்தை அது கொடுக்கிறது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கும் இரவில் இறங்கும் பிஎச்சையும் அது தூக்கிப் பிடிக்கிறது. தொட்டி மட்டும் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் இழுக்கும், கோடையில் 500 தொடும். இபி பில்லைக் கணக்கில் சேர்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். இதுவரை மொத்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. விளக்கைச் சின்னதாக வாங்கி, சில்லரையும் பேட்டரியையும் முதல் நாளே வாங்கியிருந்தால் அதில் நாற்பதாயிரம் மிஞ்சியிருக்கும்.

எங்களிடம் இருக்கும் கோமாளி மீன் ஜோடி தொட்டியில் பிறந்த மீன்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது, அதனால் கடலிலிருந்து பிடித்ததை வாங்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டில் பெரியது பெண். அது இறந்தால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். கடலில் இவை குடியிருக்கும் கடல் சாமந்தியை நான் வைக்காததால் இரண்டும் தோல் பவளத்தையே வீடாக்கிக்கொண்டன, 2022இல் வெளிறிப் பிழைத்த அதே பவளம்தான். போன பிப்ரவரியில் அதன் அடியில் பாறையின் மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகளைப் பார்த்தேன். ஆண் மீன் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் விளக்கணைத்த பிறகு பொரிந்தன, காலையில் ஒன்றும் இல்லை. குஞ்சுகள் முதலில் தின்பது ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய விலங்கு, அது அப்போது என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை முட்டை வைக்கிறது. பால்கனியில் சில்லருக்குப் பக்கத்தில் இரண்டு வாளியில் ரோட்டிஃபரும் அதன் தீனியான நுண்பாசி நிறைந்த பச்சைத் தண்ணீரும் வளர்கின்றன. நேற்று மாலை புது முட்டைகள் வந்திருக்கின்றன, அம்மா காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.