ஸ்லட்ஜில் பாக்டீரியா தேர்வு: பல வருடம் ஓட்டிப் பார்த்தபின்

கழிவுநீரில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் இறங்கவில்லை என்றால் சுத்திகரிப்பு பிளான்ட் வாசலில் முதலில் வந்து நிற்பவர் பாக்டீரியா பவுடர் விற்பவர்தான். டோஸ் போடும்வரை கொஞ்சம் பலன் தெரிந்தது; நிறுத்தியதும் பழைய கதை. வெளியிலிருந்து வந்த கூட்டத்துக்கு நம் தொட்டியில் பிழைக்க வழியில்லை என்றால், கழிக்கும் ஸ்லட்ஜோடு (பாக்டீரியா திரண்ட சேறு) அதுவும் போய்விடும். அதன்பிறகு நாங்கள் கடைப்பிடிப்பது வேறு வழி. தொட்டியில் ஏற்கெனவே இருப்பவற்றில் வேண்டியதற்குச் சாப்பாடு, வேண்டாததற்கு வெளியேற்றம்.

காற்று ஊதும் ஏரேஷன் டேங்குக்கு முன்னால் காற்றே போகாத தொட்டி ஒன்று. வரும் கழிவுநீரும், கடைசியில் படிந்து திரும்ப அனுப்பப்படும் ரிட்டர்ன் ஸ்லட்ஜும் முதலில் அங்கேதான் கலக்கும். அக்யுமுலிபாக்டர் போன்ற பாக்டீரியா தன் உடலில் சேர்த்துவைத்த பாலிபாஸ்பேட்டை உடைத்து, அந்த ஆற்றலில் அசிட்டேட் போன்ற அமிலங்களை இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜனோ நைட்ரேட்டோ இருந்தால்தான் சாப்பிட முடியும் என்கிற மற்ற கூட்டம் பட்டினி. காற்றுள்ள தொட்டிக்கு வந்ததும், வெளியே விட்டதைவிட அதிகமாகவே பாஸ்பேட்டை வாரிக்கொள்ளும். சாதாரண ஸ்லட்ஜின் உலர் எடையில் பாஸ்பரஸ் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இந்தக் கூட்டம் பெருகினால் 5 சதவீதத்தையும் தாண்டும்.

முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, காற்றில்லாத தொட்டியின் கடைசியில் சாம்பிள் எடுங்கள். உள்ளே வந்ததைவிட பாஸ்பேட் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். புதிதாக வரும் ஆப்பரேட்டர் அந்த ரீடிங்கைப் பார்த்து மிரண்டுவிடுவார். அது ஏறாத நாளில்தான் எனக்குப் பயம்.

ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் ரிட்டர்ன் ஸ்லட்ஜோடு வரும் நைட்ரேட். அது உள்ளே வந்ததும் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா அசிட்டேட்டை முந்திக்கொண்டு தின்றுவிடும். ரிட்டர்ன் ஸ்லட்ஜை மட்டும் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் நிறுத்தி நைட்ரேட்டைத் தீர்த்துவிட்டு அனுப்பினோம். ஜோஹன்னஸ்பர்க் முறை என்பார்கள். நாங்கள் செய்த மாற்றங்களில் இதற்குத்தான் உடனடிப் பலன்.

வெயில் காலம் இன்னும் தீராத தலைவலி. தண்ணீரின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் காம்பெட்டிபாக்டர் வகை பாக்டீரியாவின் கை ஓங்கும். அதே அமிலத்தைத் தின்னும், பாஸ்பேட்டைத் தொடாது. பி.எச். 7.5-ஐ ஒட்டி இருந்தால் நம் கூட்டம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

ஸ்லட்ஜ் வயதில், அதாவது ஸ்லட்ஜ் சராசரியாக எத்தனை நாள் தொட்டியில் தங்குகிறது என்பதில்தான் உண்மையான இழுபறி. அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா மெதுவாக வளரும், அதற்கு வயது கூட வேண்டும். பாஸ்பரஸோ கழிக்கும் ஸ்லட்ஜோடு மட்டுமே வெளியேறும், அதற்கு அடிக்கடி கழிக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் போதுமான வயதை வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டாமல் ஓட்டுகிறோம். கழித்த ஸ்லட்ஜைத் திக்கனரில் (அதைக் கெட்டியாக்கும் தொட்டி) தேக்கவும் கூடாது. காற்றில்லாமல் கிடந்தால் பிடித்த பாஸ்பேட்டை அங்கேயே கக்கிவிடும். அந்தத் தெளிநீர் திரும்ப நம் தலையில்தான் வந்து விழும்.

ஹைட்ரோசைக்ளோன், அதாவது சுழற்றிக் கனத்தைப் பிரிக்கும் கூம்புக் கருவி, பின்னால் சேர்த்தது. கழிக்கும் ஸ்லட்ஜை அதில் சுழற்றினால் கனமான திரள்கள் அடிவழியாகத் தொட்டிக்குத் திரும்பும், நூல்நூலாக மிதக்கும் லேசானவை மேல்வழியாக வெளியே போகும். ஒரு லிட்டர் ஜாடியில் 30 நிமிடப் படிவைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: முன்பு பாதி ஜாடிக்குப் பஞ்சாக நின்றது, இப்போது கோடு போட்டாற்போல அடியில் இறங்குகிறது. பலன் வர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். நாசிலில் தலைமுடியும் துணிநாரும் சிக்கும் என்பதால் நல்ல ஸ்கிரீன் இல்லாத இடத்தில் இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

பாஸ்பேட்டை வேதிமுறையில் படியவைக்கும் ஃபெரிக் குளோரைடு டோசிங் பம்பை மட்டும் கழற்றவில்லை. மழைநீர் கலந்து கழிவுநீர் நீர்த்துப்போனால் பாக்டீரியாவுக்கு அமிலம் போதாது. அந்த நாட்களில் அதை ஓட்டுகிறோம்.