டிப்ஸ்டிக்கே இல்லாத கியர்பாக்ஸிலிருந்து எடுத்த ஆயில் சொட்டு: பிக்கப் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கலிபோர்னியாவில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் டிரெயிலர் இழுப்பவர்கள், அரை மணி நேரத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வித்தை அந்த ஒரு கடைக்கு மட்டும் சொந்தமானதும் அன்று.

எங்களுடையது மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமா, வி6 இன்ஜின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். கோடையில் சிறிய முகாம் டிரெயிலரை மாட்டிக்கொண்டு, இன்டர்ஸ்டேட் 80 வழியாக 7,000 அடிக்கு மேல் ஏறும் டோனர் உச்சியைக் கடந்து செல்வது வழக்கம். அப்படிப்பட்ட ஏற்றத்தில், இன்ஜினின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடுமையாகச் சூடேறும். சூடுதான் இந்த ஆயிலின் முதல் எதிரி. டொயோட்டாவின் அமெரிக்கப் பராமரிப்புக் கையேடு, சாதாரணமாக ஓட்டுபவர்களுக்குக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற எந்தக் கெடுவும் குறிப்பிடுவதில்லை. ஆனால் டிரெயிலர் இழுப்பவர்களும் அதிகச் சுமை ஏற்றுபவர்களும் 60,000 மைலில் மாற்ற வேண்டும் என்கிறது. எங்கள் வண்டி அந்தக் கணக்கைத் தாண்டியிருந்ததால், ஆயில் மாற்றும் தேவை உண்மையிலேயே இருந்தது. ஆகவே தேவையற்ற வேலையைத் தலையில் கட்டினார்கள் என்பதன்று என் புகார். தேவைப்பட்ட வேலையைச் செய்யாமலே பணம் வாங்கினார்கள் என்பதுதான்.

இன்ஜின் ஆயில் மாற்றப் போயிருந்தபோது, காத்திருக்கும் அறைக்கு ஓர் ஊழியர் வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு சொட்டுகள் இருந்தன. ஒன்று பளிச்சென்ற சிவப்பு; அது புது ஆயிலாம். மற்றொன்று பழுப்பேறி, ஓரம் கறுத்துக் காகிதத்தில் ஊறியிருந்தது. அது எங்கள் கியர்பாக்ஸிலிருந்து எடுத்ததாம். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ‘பானை’த் திறந்து, வடிகட்டியையும் ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றி, இயந்திரம் வைத்துப் பழைய ஆயிலை முழுவதுமாக வெளியேற்றி, இந்தக் கியர்பாக்ஸுக்கென டொயோட்டா குறிப்பிடும் டபிள்யூ.எஸ். ஆயிலை ஊற்றித் தருவதாக எஸ்டிமேட்டில் எழுதினார். கழற்றும் வடிகட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்டதையும் அதே தாளில் குறித்துக்கொண்டார். 400 டாலருக்கும் மேல் ஆயிற்று.

இப்போது அந்தச் சொட்டுக்கு வருவோம். இந்த வண்டியின் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக்கே, அதாவது ஆயில் அளவைத் தொட்டுப் பார்க்கும் குச்சியே, கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, அடியில் உள்ள சோதனைத் திருகைக் கழற்றினால்தான் ஆயிலைக் கண்ணால் பார்க்க முடியும். அந்த ஊழியரோ பானெட்டைத் திறந்து மேலிருந்து குனிந்து எடுத்ததை அறையின் கண்ணாடி வழியே நானே பார்த்தேன். மேலிருந்து எட்டக்கூடிய சிவப்பு ஆயில் இந்த வண்டியில் ஒன்று உண்டு: பவர் ஸ்டீயரிங் கிண்ணத்தில் இருப்பது. அதற்கும் டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். ஸ்டீயரிங் ஆயிலைக் காட்டிக் கியர்பாக்ஸ் வேலையை விற்றிருக்கிறார்கள்.

வண்டியை எடுத்துவந்த சில நாள்களிலேயே, காலையில் டிரைவில் போட்டால் வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு இடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. மேட்டில் கியர் மாறும்போது வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் உறுமியது. பில்லை எடுத்துப் பார்த்தால், ஆயிலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பல வண்டிகளுக்கும் பொருந்தும் ஏ.டி.எஃப்.’ (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று இருந்தது. டபிள்யூ.எஸ். என்பது மெல்லிய ஆயில். டொயோட்டாவே தன்னுடைய பழைய டி-4 ஆயிலை அதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, எல்லா வண்டிகளுக்குமான ஒரே பீப்பாயிலிருந்து இறைத்து ஊற்றுவதை எப்படி ஏற்பது?

கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எதையும் தொடுவதற்கு முன் அடியில் விளக்கடித்துப் படம் எடுத்தார். பானைச் சுற்றியுள்ள போல்ட்டுகளின் தலையில் பழைய சாலைச் சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஒன்றில்கூட ஸ்பானர் பட்ட தடம் இல்லை. பிறகு வண்டியின் கணினியிலிருந்து சூட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஆயில் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைத் திருகைக் கழற்றினார். அளவு சரியாக இருந்தால் மெல்லிய நூலாக ஆயில் வடிய வேண்டும். ஒரு சொட்டும் வரவில்லை. ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றிய பிறகே அது வடியத் தொடங்கியது. கொதிக்கும் ஆயில் விரிந்திருக்கும், ஆறியது சுருங்கியிருக்கும். சூட்டைப் பார்க்காமல் அளவு வைத்தால் குறைவாகவோ கூடுதலாகவோதான் முடியும் என்றார் அவர். பானைத் திறந்தபோது உள்ளே தொழிற்சாலையில் போட்ட கேஸ்கெட்டும் பழைய வடிகட்டியும் இருந்தன. உலோகத் தூளைப் பிடிக்கப் பானுக்குள் வைத்திருக்கும் காந்தங்களில் நைசான சாம்பல் நிறப் பசை மட்டுமே படிந்திருந்தது. அது கிளட்ச் தேய்மானம், இயல்பானது. உலோகச் சீவல் எதுவும் இல்லாதது எங்கள் நல்லகாலம்.

கடை மேலாளரின் பதில்தான் இதில் எல்லாவற்றையும் மிஞ்சியது. இது ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லாத ஆயில் என்றும், அதிக மைல் ஓடிய வண்டியில் அதை மாற்றினால் கியர்பாக்ஸ் கெடுவது இயற்கை என்றும், மாற்றச் சொன்னவன் நான்தான் என்றும் அவர் கூசாமல் சொன்னார். அவர் தலைக்கு மேலே தொங்கிய பலகையோ, எல்லா வண்டிகளுக்கும் 30,000 மைலுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தது.

எத்தனை மைலுக்கு ஒரு முறை என்ற கேள்விக்கு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. ஃபோர்டு எஃப்-150 வண்டிக்குச் சாதாரண ஓட்டத்தில் 150,000 மைல் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. டிரெயிலர் இழுத்தால் அந்தக் கெடு வெகுவாகக் குறையும். ‘ஆயுள் முழுவதும்’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. டொயோட்டா இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தரும் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல்தான், நம் வண்டியோ அதற்குப் பிறகும் பல காலம் ஓட வேண்டியது. என் கணிப்பில், சுமை இழுப்பவர்கள் 60,000 மைலைத் தாண்டவிடாமல் வடித்து ஊற்றுவது நல்லது. ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் பாதிகூட வெளியே வராது, மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும் என்பதால், சற்று இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் வடிக்கலாம். அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. டீலரிடம் செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தினால் அதையும் பொருட்படுத்த வேண்டாம். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம் அப்படி நிபந்தனை விதிப்பதைத் தடுக்கிறது.

கலிபோர்னியாவில் வேலையைத் தொடங்கும் முன் கடைக்காரர் எழுத்து எஸ்டிமேட் தர வேண்டும். தொகை கூடினால் உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். கழற்றிய பாகங்களை முன்கூட்டியே கேட்டிருந்தால் திருப்பித் தர வேண்டும். எஸ்டிமேட்டில் ஆயிலின் முழுப் பெயரையும், எந்தச் சூட்டில் அளவு பார்க்கப்போகிறார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அளவு பார்க்கும் முறையைக் கேட்டதும் விழிப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பில், எஸ்டிமேட், சேறு படிந்த போல்ட்டுகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்து, மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் புகார் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிடும் அதிகாரம் அத்துறைக்கு இல்லாவிட்டாலும், அவர்கள் நடுவில் பேசியதும் கடை வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தந்தது. மேலாளர் காட்ட முடியாமல் போனது அந்தப் பழைய வடிகட்டியைத்தான். அது எங்கள் பானுக்குள் அல்லவா இருந்தது! இரண்டாவது மெக்கானிக்குக் கொடுத்த செலவை மட்டும் தர மறுக்கிறார்கள். தனிநபர்கள் 12,500 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரக்கூடிய சிறு வழக்கு நீதிமன்றத்தில் அதற்கான மனுவைக் கொடுக்கவிருக்கிறேன்.